நீர்க்கோடு

வெல்லம்பிட்டியில் வெள்ளம் வடிந்து பதினாறாம் நாள்.
என் தொழில் எளியது:
சுவரில் தண்ணீர் விட்டுப்போன கோட்டை
டேப்பால் அளப்பது,
வீட்டுக்காரர் சொல்லும் தொகையை
மரியாதையாகப் பாதியாக்குவது.

மஸாஹிராவின் வீட்டில் கோடு
நாலடி ஏழங்குலம்.
ஃப்ரிட்ஜ் வாய் திறந்து வெயில் காய்கிறது.
தையல் மெஷின் மூன்று;
சக்கரங்களில் சேறு இறுகிவிட்டது.
பெருநாளைக்கு ஒப்புக்கொண்ட நாற்பது சட்டைகள்
பூஞ்சணம் பிடித்து
ஒரே மூட்டையாகிக் கிடக்கின்றன.
"இதுக்கு எவ்வளவு போடுவீங்க?"
தேய்மானம் கழித்துச் சொன்னேன்.
சிரித்தார்.
கோபப்பட்டிருந்தால்
எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிறகு மருந்துச் சிட்டைகளை எடுத்து நீட்டினார்.
மகனுக்கு எலிக்காய்ச்சல்,
ஆறு நாளாக ஐ.டி.எச்.சில்.
வீட்டுப் பொலிசியில் காய்ச்சல் அடங்காது என்றேன்.
தண்ணீர்தானே கொண்டு வந்தது என்றார்.
ஆம் என்பதற்கு என் படிவத்தில்
கட்டம் இல்லை.

பின்சுவருக்கு அப்பால் கொள்கலன் முற்றம்.
மூன்று வருடத்துக்கு முன் அது சதுப்பு;
இரவிரவாக லொறிகள் வந்து
சிவப்பு மண் கொட்டி
மேடாக்கிவிட்டுப் போனார்களாம்.
தண்ணீருக்குப் பழைய வழி மறக்கவில்லை.
வந்து பார்த்தது, வாசல் பூட்டியிருந்தது,
மஸாஹிராவின் குசினிக்குள் ஏறிக்கொண்டது.

ஒழுங்கையில் ஏழு வீடு தள்ளி
குசுமலதாவின் வீடு.
இன்னும் தாழ்ந்த நிலம்.
கோடு: ஐந்தங்குலம்.
டேப் பிழையென்று மறுபடி அளந்தேன்.
ஐந்தங்குலந்தான்.
நனைந்தது ஒரு மூடை அரிசி, மேசையின் கால்கள்.
குற்றம் செய்தவர்போல
எனக்குத் தேநீர் கொடுத்தார்.

அவர் வேலிக்குப் பின்னால் சதுப்புக் காடு
இன்னும் விற்கப்படாமல் இருக்கிறது.
கறுத்த நீரில் முழங்கால் வரை இறங்கி நிற்கும் மரங்கள்.
தாழை. பெயர் தெரியாத கொடி.
ஒரு நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது;
நனைந்ததற்கு அது விண்ணப்பிக்கவில்லை.
பகல் பன்னிரண்டு மணிக்கு
என் சட்டைக் கழுத்தில் வியர்வை ஆறியது.
அந்த மே மாத இரவில்
எத்தனை தெருக்களின் தண்ணீரை
மடியில் வாங்கி வைத்திருந்ததோ,
ஆறு இறங்கியபின்
கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்ததோ,
வட்டியில்லாமல்,
பற்றுச்சீட்டில்லாமல்.
இருபத்திரண்டு வருடம் இந்தத் துறையில் இருக்கிறேன்.
இப்படி நட்டத்தைத் தாங்கும் கம்பனி
ஒன்றுகூடக் கண்டதில்லை.

கோட்டையில், பதினான்காம் மாடியில்,
என் மேசையில் அடுத்த கோப்பு காத்திருந்தது:
புதிய களஞ்சியசாலைக்கான காப்புறுதி.
இடம், குசுமலதாவின் வேலிக்குப் பின்னால்.
கேள்வி பதினொன்று: அயல் நிலத்தின் தன்மை.
யாரோ ஏற்கெனவே எழுதியிருந்தார்கள்:
"வெறும் சதுப்பு. பயனற்றது."

பயனற்றது என்பதை வெட்டினேன்.
நாலடி ஏழங்குலம் என்று எழுதினேன்.
ஐந்தங்குலம் என்று எழுதினேன்.
இடையில் ஏழு வீடு என்று எழுதினேன்.
ஆறு நாள் ஆஸ்பத்திரி, நாற்பது சட்டை
என்பதையும் ஓரத்தில் எழுதினேன்,
ஓரத்தில் எழுதக் கூடாது என்று தெரிந்தும்.
பிரீமியத்தை மூன்று மடங்காக்கி
ஒப்பமிட்டேன்.

ஹேவகே கூப்பிட்டார்.
"நீங்கள் காப்புறுதிக் கம்பனியிலா,
மரம் வளர்ப்போர் சங்கத்திலா?"
டேப் காட்டியதைத்தான் எழுதினேன் என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கோப்பை மூடினார்.
அது மேலே போனதா, கீழே போனதா,
வேறு கம்பனிக்குப் போனதா,
இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து சட்டைப்பையைக் கவிழ்த்தேன்.
டேப் பாதியில் சிக்கிக்கொண்டு
உள்ளே போக மறுக்கிறது.
நாலடிக்கும் ஐந்தடிக்கும் இடையில்
காய்ந்த சேறு.
மனைவி கழுவித் தரட்டுமா என்று கேட்டாள்.
வேண்டாம்,
நாளைக்கு கொலன்னாவையில்
இன்னும் ஒன்பது வீடு.